கஸ்தூரி கேட்ட தோட்டம்

தோட்டம் போடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வயதாகி ஓய்வு பெற்றவன் இல்லை. என் முழங்கால்கள் இரண்டும் கூடித் தீர்மானம் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. குனிய முடியாத தோட்டக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாற்காலியில் உட்காரவைத்து, புதிதாக வருகிறவர்களுக்கு யோசனை சொல்லச் சொல்லலாம். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

மண் கலவை, உரம், சொட்டுக்குழாய் எல்லாம் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். படிக்காமல் விட்டது கைபேசியில் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை. ஒரு வீட்டு வாசலில் புருஷன் ஒன்று சொல்ல, பெண்சாதி வேறொன்று சொல்ல, லாரி டிரைவர் இன்ஜினை அணைக்காமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பது கைபேசியில் இல்லை. அப்படி ஒரு காலை நேரம் எனக்கு வாய்த்தது. அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், நாம் பிழைப்பு நடத்தும் இந்த ‘டிராப்பிகல் ஸ்டைல்’ தோட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. குளிர் நாட்டுக்காரர்கள் நம் பக்கம் வந்தார்கள். வாழையையும் சேம்பையும் பார்த்து மயங்கினார்கள். ஊருக்குத் திரும்பிப்போய்க் கண்ணாடி வீடு கட்டி, அடுப்பு மூட்டி அவற்றை வளர்த்தார்கள். படம் எடுத்து வழவழப்பான தாளில் புத்தகம் போட்டார்கள். அந்தப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி விழுந்து விழுந்து படித்த நான், பொன்னேரிக்காரர்களின் கொல்லையில் இருந்த வாழையை வெட்டச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் வாழை மாதிரியே இருக்கும் ஹெலிகோனியாவை வைத்துக் கொடுத்தேன். வாழை மாதிரியே இருக்கும், ஆனால் பழம் வராது. அதுதான் அதன் கௌரவம். இப்படித்தான் ஒரு தலைமுறைக்கு நான் அழகுணர்ச்சியைக் கற்றுக்கொடுத்தேன்.

இதே தொழிலில் இன்னொரு தந்திரமும் உண்டு. உங்களுக்கும் ஒருநாள் அந்த வேலை வரும். கல்யாண மண்டபத்துக்கோ, பிரமுகர் வருகிற கட்டடத்துக்கோ ஒரே நாளில் காடு வேண்டும் என்பார்கள். நர்சரியில் வளர்ந்து நிற்கும் பெரிய செடிகளைத் தொட்டியோடு கொண்டுவந்து, பள்ளம் தோண்டி, தொட்டி தெரியாமல் மண்ணுக்குள் இறக்கி, மேலே கூழாங்கல் பரப்பிவிடுவோம். விருந்து முடிந்ததும் பிடுங்கி ஏற்றிக்கொண்டு வந்துவிடுவோம். இதற்கென்றே நான் ஒரு பக்கம் ‘கல்யாணத் தொட்டிகள்’ வைத்திருந்தேன். வைத்திருந்தேனே தவிர, மனதுக்குள் அதன்மீது மரியாதை கிடையாது. வேர் இறங்காத தோட்டம் ஒரு தோட்டமா என்று கேட்பேன். கேட்டுவிட்டு, அடுத்த கல்யாணத்துக்கு லாரி அனுப்புவேன்.

பழவேற்காட்டிலிருந்து ஏரிப் பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். அதையும் தாண்டிக் கடலோரமாகப் போனால் வரும் ஒரு சின்னக் குப்பத்திலிருந்துதான் கஸ்தூரி போன் பண்ணினார். “வூட்டாண்ட ரிசார்ட்டு மாதிரி தோட்டம் வெக்கணும் சார், வருவீங்களா?” என்றார். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். குப்பத்தில் வீட்டின் முன்னால் இருப்பது மணல். அதில் படகு நிற்கும், வலை கிடக்கும், மீன் காயும். அதில் எவன் போய் ஹெலிகோனியா வைப்பான்? ஆனாலும் போனேன்.

நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய முகம், வயதுக்கு மீறி இளைத்த உடம்பு. அவருடைய கணவர் தேசப்பன் ஓரமாக உட்கார்ந்து வலைக் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தை இல்லாத வீடு. கஸ்தூரி பல வருஷம் மகாபலிபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தங்கி, தோட்டம் பெருக்கும் வேலை பார்த்தவர். மாசத்துக்கு ஒரு தரம் பஸ் மாறி மாறி ஊருக்கு வந்து போவார். உடம்பு முடியாமல் இப்போது வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

“செடிக்காரர்தானே சார் நீங்க?” என்றார்.

என் விசிட்டிங் கார்டில் ‘லேண்ட்ஸ்கேப் கன்சல்டன்ட்’ என்று தங்க எழுத்தில் இருக்கிறது. “ஆமாம்மா, செடிக்காரர்தான்” என்றேன்.

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அகலமான இலைகள், விசிறிப் பனை, நடுவில் பிரம்பு நாற்காலி ஒன்று. “நான் பெருக்கினு இருந்த எடம் சார் இது. காலீல வெயிலு இந்த எலை வழியா எறங்கும் பாருங்க, பச்சையா எறங்கும். அந்த சேர்ல ஒருத்தர் வந்து குந்துவாங்க, எளநி குடிப்பாங்க, பூடுவாங்க. அதே மாதிரி வெச்சு அதுல நான் உக்காரணும். அவ்ளோதான்.”

“இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடவா உக்காந்து பாக்கலை?”

“ஸ்டாப்பு உக்காரக் கூடாது சார். நம்ம வேர்வை சேர்ல ஒட்டிக்குமாம்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “யாரும் இல்லாதப்ப உக்காந்துருக்கலாம். அதுக்கும் எனுக்குத் தைரியம் இல்ல.”

தேசப்பன் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “சார், சின்னக் கன்னுங்களா வைங்க. சின்னதுதான் மண்ணப் புடிக்கும். மெள்ள வரட்டும். இன்னா, ரயிலா புடிக்கப்போறோம்?” என்றார்.

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ‘அடுத்த வாரம் கிரகப்பிரவேசம், அதுக்குள்ள காடு வேணும்’ என்பவர்களோடு காலம் தள்ளியவன் நான். செடிக்கு நேரம் கொடு என்று வாடிக்கையாளரே சொல்லும் அதிசயம் கடைசியில் ஒரு குப்பத்து மணலில்தான் எனக்குக் கிடைத்தது. வீட்டுக்குப் போய் ஆசை ஆசையாக ஒரு வரைபடம் போட்டேன். முதல் ஆண்டில் காற்றுத் தடுப்பும் மண் திருத்தமும். இரண்டாம் ஆண்டில் அடிச்செடிகள். மூன்றாம் ஆண்டில் நாற்காலிக்கு மேல் இலைக் கூரை. ஒவ்வொரு ஆண்டையும் ஒரு நிற மையில் எழுதினேன். மூன்றாம் ஆண்டு பச்சை.

அடுத்த தடவை அதை விரித்து வைத்து விளக்கியபோது, கஸ்தூரி பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லும் கனவைக் கேட்பது போலத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தேசப்பனுக்கு ஒரே சந்தோஷம். “மூணாம் வருசம் கொடை மாதிரி நிக்குமா? நிக்கட்டும், நிக்கட்டும்” என்று டீ வாங்கக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்பும்வரை கஸ்தூரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு வர்றதுக்குள்ள சொல்லிடறேன் சார். வயித்துல கட்டி. பெரியாஸ்பத்திரியில இனிமே வர வேணாம்னு சொல்லிட்டாங்க. நல்லாயிட்டதால சொல்லல. இந்த மழை தாண்டுனாலே பெருசாம்.”

வரைபடம் எங்களுக்கு நடுவில் விரித்தபடியே கிடந்தது. பச்சை மை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அவருக்குத் தெரியுமா?”

“ரெண்டு பேரையும் ஒண்ணா ஒக்கார வெச்சுத்தான் டாக்டர் சொன்னாரு. நான் கேட்டேன். அவரு கேக்கல.”

பிறகு, கடையில் சாமான் சொல்வது போலச் சொன்னார்: “கல்யாணத்துக்கு முன்ன நாளு தொட்டியோட மண்ணுக்குள்ள எறக்குவாங்களே, அந்த மாதிரி பெருசு பெருசா கொண்டாந்து வெச்சுக் குடுங்க.”

“அதுல வேர் போகாதும்மா. இந்த உப்புக் காத்துல கொஞ்ச நாள்ல கருகிடும்.”

“கருகுனா வேற மாத்துங்க. நான் இருக்கிற மட்டும் மாத்துனா போதும் சார். அதுக்கப்புறம் அது இன்னாவானா எனுக்கு இன்னா?”

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பொறுமையைப் பற்றி நான் பேசாத மேடை கிடையாது. செடி நம் அவசரத்துக்கு வளராது, தோட்டம் என்பது அடுத்த தலைமுறைக்கு எழுதும் கடிதம் என்றெல்லாம் ரோட்டரிக் கூட்டங்களில் பேசிக் கைதட்டு வாங்கியவன். அன்றைக்கும் அந்தப் பேச்சு தொண்டைவரை வந்தது. எதிரில் இருப்பவருக்கு அடுத்த தலைமுறையும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. பொறுமை நல்ல சரக்குதான். ஆனால் நேரம் கையில் இருப்பவர்களுக்குத்தான் அதை விற்கலாம்.

“சரிம்மா, கொண்டுவரேன். அவர்கிட்ட நீங்க சொல்லிடுங்க” என்றேன்.

“சொல்லிக்கறேன்” என்றார். சொல்லவில்லை. அது லாரி போன அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என்னிடம் இருந்ததிலேயே பெரிய செடிகளை ஏற்றியிருந்தேன். ஏரிப் பாலத்தின் மேல் போகும்போது இலைகள் இரண்டு பக்கமும் பிதுங்கி ஆடின. பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், “இன்னா நைனா, காடு ஊர் மாத்திக்கினு போவுதா?” என்று கத்தினார். டிரைவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே குப்பத்துக்குள் நுழைந்தார்.

வீட்டுக்குப் போகும் மணல் வழியின் நடுவில் தேசப்பன் நின்றிருந்தார். கையில் எதுவும் இல்லை. சத்தமும் போடவில்லை. வெறுமனே நின்றார். டிரைவர் பிரேக் போட்டார்.

“திருப்பிக்கினு போங்க சார்.”

இறங்கிப் போனேன். “தேசப்பன், அவங்க சொல்லலையா?”

“சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா? நாம பேசுனது சின்னச் செடி. மூணு வருசம்னு நீங்கதான் எழுதிக் காட்டுனீங்க. இப்ப இது இன்னா?” லாரியைப் பார்க்காமலே பேசினார். “இந்த லாரிய நான் உள்ள உட்டா, அவ போயிடுவான்னு நானே ஒத்துக்கினாப்புல ஆவாதா? நான் ஒத்துக்கல சார். திருப்புங்க.”

ஆட்கள் கூடிவிட்டார்கள். வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஊசியோடு எழுந்து வந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைக்காமல் என் முகத்தைப் பார்த்தார். நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த நேரம் இதுதான்.

திருப்புவது சுலபம். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் யாராக இருந்தாலும் திருப்பித்தான் இருப்பார்கள். மீறி உள்ளே விடுவதும் சுலபம்தான். கூட்டத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் அவரைத் தோளில் கைபோட்டு ஓரம் கட்டியிருப்பார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த மாதிரி நேரத்தில் யார் பாவம் என்று கேட்காதீர்கள். எல்லாரும்தான் பாவம். தோட்டத்தைக் கேட்டது யார், அதில் உட்காரப்போவது யார் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். டிரைவரிடம் இன்ஜினை அணைக்கச் சொன்னேன்.

“தேசப்பன், நான் உள்ளேயும் விடலை, திருப்பவும் இல்லை. கேட்டது அவங்க. அவங்க வந்து திருப்பச் சொன்னா, ஒரு வார்த்தை பேசாம திருப்பிக்கிட்டுப் போறேன்.”

கஸ்தூரி வந்தார். சுவரையும், படகையும், இன்னொரு படகையும் பிடித்துப் பிடித்து வந்து சேர இவ்வளவு நேரமாகியிருக்கிறது. மூச்சு வாங்கியது.

“யோவ், நடுவழில நின்னுக்கினு இன்னா பண்ற? கப்பலையா மறிக்கிற?”

“அத்தப் போவச் சொல்லுமே. சின்னச் செடி வெச்சுக்கலாம்.”

“சின்னது வெச்சா?”

“வளரும்.”

“வளந்து?”

தேசப்பன் காலால் மணலைக் கிளறினார்.

“வளந்தப்புறம் யாருய்யா அதுல குந்துவா? நீயா? கல்யாணம் கட்டுன நாளா நீ ஒரு எடத்துல குந்தி நான் பாத்ததில்ல.” கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“அப்டிலாம் சொல்லாதமே.”

“நீ கடலுக்குப் போற. கண்ணு முன்னால மீனு பாஞ்சுகினு போவுது. ‘இரு, வர்ற வருசம் இன்னும் பெருசாவட்டும்’னு வலையச் சுருட்டிக்கினு வந்துருக்கியா?”

“அது வேறமே.”

“எனுக்கு அதேதான்யா. இன்னிக்கி இருக்குது. இன்னிக்கிப் புடிக்கணும்.”

தேசப்பன் ஓரமாக நகர்வார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் நகரவில்லை. நேராக வந்து லாரியின் பின்கதவைத் தட்டித் திறந்து மேலே ஏறினார். இருப்பதிலேயே பெரிய விசிறிப் பனையைத் தொட்டியோடு அணைத்துத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். என் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் சுமை அது. உதவிக்கு நீண்ட கைகளை அவர் பார்க்கவே இல்லை. வீடுவரை யாரிடமும் பேசவும் இல்லை.

பள்ளம் தோண்டி இறக்கியதெல்லாம் வழக்கமான வேலை. கஸ்தூரி முதலில் நாற்காலியைப் போடச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தால் எந்த இலை எங்கே வரவேண்டும் என்று அவர் கைகாட்டக் கைகாட்டச் செடிகளை நிறுத்தினோம். காற்றைத் தடுக்க, பழைய வலைகளை மடித்துத் தைத்து, சவுக்குக் கம்புகளில் கடல் பக்கமாகக் கட்டினோம். சாயங்காலத்துக்குள் அந்த மணலில் ஒரு சின்னக் காடு நின்றது. எனக்கே நம்பமுடியவில்லை. பொய்தான், ஆனால் நன்றாக இருந்தது.

மறுநாளே போன் வந்தது. பக்கத்து வீட்டில் பிரச்சினை.

பக்கத்து வீடு பாக்கியத்தினுடையது. தேசப்பனுடைய காலம்சென்ற அண்ணனின் மனைவி, கஸ்தூரிக்கு ஓரகத்தி. கருவாடு காயவைத்துப் பழவேற்காட்டில் விற்றுத்தான் சாப்பாடு. நான் போனபோது அவர் ஒரு கையில் கருவாட்டை வைத்துக்கொண்டு என் மூக்குக்கு நேராக ஆட்டினார்.

“செடிக்காரரே, மோந்து பாரு. காஞ்சிருக்குதா? நீ கட்டுன வலையில காத்து மொத்தமும் அங்கியே நின்னுக்கினு இருக்குது. போறவளுக்கு ஜிலுஜிலுன்னு தோட்டம், இருக்கிறவளுக்கு ஈரக் கருவாடா? எந்த ஊரு நாயம் இது?”

“அண்ணி!” என்று தேசப்பன் பாய்ந்தார். கஸ்தூரி நாற்காலியில் இருந்தபடியே கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

“உடுய்யா. இந்தக் குப்பத்துல அக்கா ஒண்ணுதான் இன்னும் என்னாண்ட சண்ட போடுது. மத்தவங்கள்லாம் ஆப்பிள் வாங்கினு வந்து மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு குந்திக்கறாங்க. பாத்தா எனுக்கே பயமா கீது. நீ சொல்லுக்கா, எப்ப காத்து வேணும்?”

பாக்கியத்துக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. கருவாட்டை இறக்கினார். “காலீலேர்ந்து மத்தியானம் மட்டும் உட்டாக்கூட போதும்” என்று முனகினார். “மத்தியானத்துக்கு மேல கருவாட்ட நான் சாக்கு போட்டு மூடிக்கறேன்.”

கடல்காற்று உப்போடு ஏறுவதும் மத்தியானத்துக்கு மேல்தான். தேசப்பன் அன்றைக்கே கம்புகளில் கப்பி மாட்டி, வலையைப் படகுப் பாய் மாதிரி ஏற்றி இறக்கும்படி செய்துவிட்டார். காலையில் அண்ணிக்காக இறக்குவார். கடலிலிருந்து திரும்பி வந்ததும் பெண்சாதிக்காக ஏற்றுவார். இந்தத் தோட்டத்துக்கு அவர் கடைசிவரை வாயால் சரி என்று சொன்னதில்லை. ஆனால் கயிற்றை ஒருநாளும் மறக்கவில்லை.

இப்படியாக எல்லாம் அமைந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. கஸ்தூரியால் உட்கார முடியவில்லை.

உடம்பைச் சொல்லவில்லை. செடி மாற்ற நான் போகும்போதெல்லாம் பார்த்தேன். நாற்காலியில் சாய்வார். ஒரு இலை உதிரும். உடனே எழுந்து குனிந்து பொறுக்குவார். திரும்ப உட்காருவார். கூழாங்கல்மேல் ஒரு சருகு வந்து ஒட்டும். எழுந்துவிடுவார். இத்தனை வருஷம் அந்த இலைகளின் கீழே குனிந்தே நின்ற முதுகு, அவற்றைக் கண்டதும் தானாக வளைந்தது. தேசப்பன் விளக்குமாற்றை ஒளித்து வைத்தார். கஸ்தூரி கையாலேயே கூட்டினார்.

“உக்காருமே. அதுக்குத்தானே இம்மாம் ரகளை பண்ண?”

“இரு, இந்த ஒரு எலை மட்டும்.”

“அந்த எலை உன்னைய இன்னா பண்ணுது?”

“சூப்பரவைசர் வந்துருவாருய்யா” என்று அவர் சொல்லிவிட்டுச் சிரிப்பார். தேசப்பன் சிரிக்கமாட்டார்.

இதற்கு எனக்கு எந்த யோசனையும் தோன்றவில்லை. இலை உதிராத செடி என்று ஒன்று இருந்தால் அதைக் கொண்டுபோய் வைத்திருப்பேன். பிளாஸ்டிக் செடி இருக்கிறதே என்று உங்களில் யாராவது நினைத்தால், நானும் நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தோட்டத்தை நாம் போட்டுக் கொடுத்துவிடலாம். அதில் ஒருவர் எப்படி உட்காருவார் என்பதை நாம் வரைய முடியாது.

வலையையும் மீறி உப்பு வந்தது. இலை ஓரங்கள் காகிதம் பற்றியது போலப் பழுத்துச் சுருண்டன. நான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். வேறு வேலைகளைத் தள்ளிப்போட்டேன். வீட்டில் என் மனைவி, “உங்களுக்கு அந்தக் குப்பத்துல என்ன, தேர்தலா?” என்று கேட்டாள்.

மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு மத்தியானம் போனேன். கஸ்தூரி நாற்காலியில் இருந்தார். சுற்றிலும் சருகுகள், நிறைய. காலடியில், மடியில், தோளில்கூட ஒன்று. அவர் எதையும் எடுக்கவில்லை. கைகள் இரண்டும் நாற்காலிக் கைகளின்மேல் இருந்தன.

“இன்னிக்கி உக்காந்துட்டேன் சார்.”

எனக்குப் புரிந்தது. எழுந்திருக்க முடிந்த நாளெல்லாம் அவர் எழுந்தார். இன்றைக்கு முடியவில்லை.

“எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

கொஞ்சம் யோசித்தார். “அந்த ரிசார்ட்டுக்காரங்க ஒண்ணும் பெருசா அனுபவிச்சுடல சார். முதுகு வலிக்குது.” சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அடங்கியதும் மேலே பார்த்தார். “ஆனா வெயிலு பச்சையாத்தான் எறங்குது.”

தேசப்பன் வந்து வலையை ஏற்றினார். கயிற்றைக் கட்டிவிட்டு, எங்கே போவது என்று தெரியாதவர் போல நின்றார். பிறகு அந்தச் சருகுகளின்மேலேயே, கஸ்தூரியின் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் புதிய தொட்டியை லாரியிலிருந்து இறக்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

மழையைக் கஸ்தூரி தாண்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, வழி காய்ந்த பிறகு, தேசப்பனே போன் பண்ணித் தொட்டிகளை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் எதுவும் கேட்காமல் லாரியோடு போனேன். பாதிச் செடிகள் கருகி இருந்தன. பாதி பிழைத்திருந்தன. அவரே ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டி, லாரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பாக்கியம் ஒரு முறத்தோடு வந்து, தொட்டி எடுத்த பள்ளங்களில் மணலைத் தள்ளி மூடிக்கொண்டே வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கடைசித் தொட்டியில் ஒரு ஹெலிகோனியா. அதன் நடுத்தண்டில் பூக்குலை ஒன்று புதிதாகத் தலையை நீட்டியிருந்தது, இன்னும் விரியவில்லை. நான் தேசப்பனைப் பார்த்தேன். நம் தொழிலில் இருக்கிறவனுக்கு அந்த இடத்தில் ஏதாவது சொல்லாமல் இருக்க முடியாது.

“இது ஒண்ணு இங்கயே இருக்கட்டுமே, தேசப்பன். தொட்டியை உடைச்சு மண்ணுல வைக்கிறேன். நான் வந்து வந்து பாத்துக்கறேன். வேர் பிடிச்சுக்கும்.”

அவர் அந்தக் குலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தொட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

“வேணாம் சார். அவ கேட்டது லாரியில வர்ற சாமான். நீங்க கொண்டாந்தீங்க, அவ பாத்துட்டா. நான் கேட்டது மூணு வருசம். அது லாரியில வர்ற சாமான் இல்ல” என்றார். “சாயாம வெச்சுக் கட்டுங்க. இப்பத்தான் வருது.”